மலையில் கிடைக்கும் பழைய காசு: அசலா, போலியா, என்ன பெறும்? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கூடலூர் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுப் பெட்டியில் இருக்கும் பழைய காசும், கோத்தகிரி பக்கம் ஒரு படகர் ஹட்டியில் (படகர் ஊரில்) இருக்கும் பழைய காசும் ஒன்றாக இருப்பதில்லை. கூடலூரில் சதுரமான இலங்கை ஐந்து சதம் வரும். கோத்தகிரியில் விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய் வரும். அதிர்ஷ்டம் இருந்தால் வீரராயன் பணமும் வரும், மிளகை நசுக்கினால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு தங்கம். குன்னூர், வெலிங்டனில் பழைய பங்களாச் சாமான் விற்கும் இடங்களில் பென்னியும் ஷில்லிங்கும் கலந்து கிடக்கும். ஒரு காசு எந்த வழியாக மலையேறியது என்று யூகிக்கத் தெரிந்தால் அடையாளம் காணும் வேலை பாதி முடிந்தது.

இங்கே விலைப்பட்டியல் தரப்போவதில்லை. வெள்ளி விலை ஏறி இறங்குகிற வேகத்தில் இன்று எழுதியது அடுத்த மாதம் தப்பாகிவிடும். ஒரு காசைக் கையில் எடுத்ததும் என்ன வரிசையில் பார்க்க வேண்டும், எங்கே சந்தேகப்பட வேண்டும், எந்தக் கணக்கில் விலை பேச வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதல் படி: இந்த மலைக்கு எவை வந்தன?

1819ல் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து, அப்புறம் ஊட்டி உருவாகி, காபியும் தேயிலையும் வேரூன்றிய பிறகுதான் ரொக்கம் இங்கே பெரிய அளவில் புழங்கியது. தோட்டக் கூலியும் வெலிங்டன் ராணுவச் சம்பளமும் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசையும் பிரிட்டிஷ் காசையும் மலை முழுக்கப் பரப்பின. அதனால் உங்களுக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு 1835க்குப் பிந்தைய பிரிட்டிஷ் இந்தியக் காசாகத்தான் இருக்கும்: வெள்ளி ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், செம்புக் காலணா, தம்பிடி, 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா.

அதற்கு முந்தையது என்றால் சென்னை மாகாணத்துக்கு கம்பெனி அடித்த பத்துக் காசு, இருபதுக் காசு செம்பு நாணயங்கள். 1803, 1808 என்று ஆண்டு போட்டிருக்கும். 1808ல் அடித்தவை இங்கிலாந்தின் சோஹோ அக்கசாலையிலிருந்து (காசு அடிக்கும் இடம்) கப்பலில் வந்தவை. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809ல் இங்கிலாந்துக் கரையோரமே மூழ்கி, அந்தக் காசுகள் பிற்காலத்தில் கடலடியிலிருந்து ஏராளமாக எடுக்கப்பட்டன. அதனால் 1808 பத்துக் காசு நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கிறது என்றால் உடனே போலி என்று தள்ளிவிட வேண்டாம்.

மைசூர் எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் திப்பு சுல்தானின் யானைக் காசு கூடலூர் வழியாக வரும். ஒரு பக்கம் யானை, மறு பக்கம் பாரசீக எழுத்தில் அக்கசாலையின் பெயர். பிற்காலக் காசுகளில் ஆண்டு எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். இடமிருந்து படித்துவிட்டு, இப்படி ஓர் ஆண்டே கிடையாதே, போலி என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. கேரளப் பக்கத்திலிருந்து திருவிதாங்கூர்ச் சக்கரம் வரும். 28 சக்கரம் ஒரு ரூபாய், ஒரு சக்கரத்துக்கு 16 காசு.

இலங்கைக் காசுக்குத் தனிக் கதை. 1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களே உருவாயின. தலைமன்னாரில் கப்பலேறியபோது மடியில் இருந்த சில்லறை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அவற்றில் மதிப்பு தமிழிலேயே எழுதியிருக்கும். சந்தை விலை பெரிதாக இல்லை. ஆனாலும் யாருடைய காசு, எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்ற விவரத்தோடு ஒரு தொகுப்பு சேர்த்தால், அந்த மாதிரி இன்னொன்றை வெளியூர்க்காரர் ஒருவரால் சேர்க்க முடியாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வீரராயன் பணம் அரை கிராம்கூட வராத தங்கக் காசு. சாகும் தறுவாயில் இருப்பவர் வாயில் இதை நெய்யில் தொட்டு இடும் வழக்கம் படகர்களிடம் இருந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. ஆகவே ஒரு வீட்டில் இதைப் பத்திரமாக வைத்திருந்தால் எடுத்த எடுப்பில் விலை கேட்காதீர்கள். அவர்களுக்கு அது விற்கிற பொருளாக இல்லாமல் இருக்கலாம்.

இரண்டாம் படி: கையில் என்னென்ன வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, நகைப் பட்டறையில் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அது. வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், ஒரு நோட்டு. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது லென்ஸுக்கு ஈடாகாது, ஆனால் ஒப்பிட உதவும்.

இதோடு இன்னொன்றும் வேண்டும். நன்றாகத் தேய்ந்த, சாதாரண ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்றை நம்பகமான ஒருவரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அபூர்வமானது வேண்டாம், கோடிக்கணக்கில் அடித்த 1918 ரூபாயே போதும். அதை எடை போட்டு, லென்ஸில் பார்த்து, விளிம்பைத் தடவிப் பழகினால் போலி கைக்கு வரும்போது கண்ணுக்கு முன்னால் கைக்கே உறுத்தும். எத்தனை கட்டுரை படித்தாலும் இந்தப் பழக்கம் வராது. அந்த ரூபாயில் ஒரு பகுதி அமெரிக்க வெள்ளியாகவும் இருக்கலாம். முதல் உலகப்போரின்போது இந்தியாவில் வெள்ளிப் பஞ்சம் வந்து, 1918ல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தன் வெள்ளி டாலர்களை 25 கோடிக்கும் மேல் உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அது இங்கே வந்து ரூபாயானது.

மூன்றாம் படி: யார் தலை, எந்த ஆண்டு, எந்த அக்கசாலை

1835 நான்காம் வில்லியம். 1840, 1862 விக்டோரியா ராணி, 1877 முதல் விக்டோரியா பேரரசி. 1903 முதல் 1910 வரை கிரீடமில்லாத ஏழாம் எட்வர்டு. 1911 முதல் 1936 வரை ஐந்தாம் ஜார்ஜ். 1938 முதல் ஆறாம் ஜார்ஜ். இந்த வரிசை மனதில் இருந்தால், 1890 என்று போட்டு ஆண் தலை உள்ள ரூபாயைக் காட்டினால் நீங்கள் லென்ஸை எடுக்கவே வேண்டியதில்லை.

ஆண்டு எண் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 1835, 1840, 1862 ரூபாய்களில் ஆண்டை மாற்றாமலே பல வருடம் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1840 என்று போட்டது 1850களில் அடித்ததாக இருக்கலாம். 1862 என்று போட்டது 1874 வரைக்கும் தொடர்ந்தது. சந்தையில் "தம்பி, மகாராணி காசு, 1862, நூத்தி அறுபது வருஷப் பழசு, இத விட்டா கிடைக்காது" என்று ஆரம்பித்தால், "சரிண்ணே, எடை போட்டுப் பாத்துக்கிறேன்" என்று தராசை எடுங்கள். 1862 ரூபாய் அரிதே இல்லை. ஆனால் அதிலேயே பூப் பக்கம் (மதிப்பும் ஆண்டும் உள்ள பின்பக்கம்) அடியில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும் மாறுவதை வைத்துத் தனித்தனி வகையாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சில புள்ளி வகைகளுக்கு நல்ல விலை உண்டு. ஆகவே 1862 என்றதும் புள்ளியைப் பாருங்கள், ஆண்டைப் பார்த்துப் பிரமிக்க வேண்டாம்.

அக்கசாலைக் குறி சின்ன விஷயம்போலத் தெரியும், விலையைப் பல மடங்கு மாற்றிவிடும். சுதந்திர இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழே வைரம் போன்ற குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, எதுவுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் பூப் பக்கம் அடியில் பொடிப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. தேய்ந்த காசில் அந்தப் புள்ளி அழுக்கோடு அழுக்காக மறைந்திருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

நான்காம் படி: தராசும் தண்ணீரும்

1835 முதல் 1939 வரை வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர், வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. அரை ரூபாய் 5.83, கால் ரூபாய் 2.92, வெள்ளி இரண்டணா 1.46 கிராம். செம்புக் காலணா 6.48 கிராம். 1906ல் வெண்கலத்துக்கு மாற்றியபோது 4.86 ஆகக் குறைத்தார்கள். தங்கச் சவரன் 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும்.

தேய்ந்த ரூபாய் 11.3, 11.4 காட்டுவது சகஜம். முகமே அழிந்திருந்தால் 11.2 வரை இறங்கினாலும் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் தலைமுடி இழையிழையாகத் தெரிகிற புதுக்கருக்குக் காசு 10.8 காட்டினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தேயாத காசு எடை குறையாது.

1940ல் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாக்கியது. எடை அதேதான், வெள்ளி 50 பங்கு. 1947ல் வெள்ளியே இல்லாமல் நிக்கல் ரூபாய், பின்பக்கம் புலி. புலி ரூபாயைக் காந்தத்தில் வைத்தால் ஒட்டும். அது சுத்த நிக்கல், ஒட்டத்தான் வேண்டும். காந்தத்தில் ஒட்டுவதெல்லாம் போலி என்று கேள்விப்பட்டு நல்ல புலி ரூபாயைக் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுத்த வீடுகள் உண்டு. வெள்ளி, செம்பு, தங்கம் மூன்றும் ஒட்டக்கூடாது. அதுவரைதான் காந்தத்தின் வேலை. ஒட்டாததால் மட்டும் ஒரு காசு அசலாகிவிடாது. பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது.

எடை, விட்டம் இரண்டும் சரியாக இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால் தண்ணீர்ச் சோதனை செய்யலாம். காசுக்குச் சேதமில்லாத, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளில் இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

முதலில் காசை உலர்ந்தபடி எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன டம்ளரில் முக்கால் பாகம் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பொத்தானை அழுத்தி எண்ணைச் சைபராக்குங்கள். தராசு தாங்கும் எடைக்குள் டம்ளரும் தண்ணீரும் இருக்க வேண்டும். காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாதபடி தொங்கவிடுங்கள். காசில் ஒட்டும் காற்றுக் குமிழிகளை நூலை ஆட்டி உதிர்த்துவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண் காசு விலக்கிய தண்ணீரின் எடை. உலர் எடையை இந்த எண்ணால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி வரும்.

ஒரு விக்டோரியா ரூபாய் 11.58 கிராம், தண்ணீரில் 1.12 காட்டுகிறது என்று வையுங்கள். வகுத்தால் 10.34. பழைய வெள்ளி ரூபாய்க்கு வரவேண்டிய எண் அதுதான், 10.2லிருந்து 10.4 வரை ஏற்கலாம். 1940க்குப் பிந்தைய பாதி வெள்ளி ரூபாய்க்கு 9.5ஐ ஒட்டி வரும். ஜெர்மன் சில்வர் எனப்படும் வெள்ளியில்லாத வெள்ளை உலோகத்தில் செய்த போலிக்கு 8.5, 8.7 என்று வரும். அதே 11.6 கிராமைக் கொண்டுவர அதைக் கொஞ்சம் தடிமனாக்கியிருப்பார்கள். அசல் ரூபாயைப் பக்கத்தில் வைத்து விளிம்பைப் பார்த்தாலே தெரியும்.

வீரராயன் பணத்துக்கு இந்தச் சோதனை ஆகாது. அது விலக்கும் தண்ணீர் உங்கள் தராசின் பிழையளவுக்குப் பக்கத்தில் இருக்கும், எந்த எண்ணும் வரலாம். தங்கம் என்றால் நகைக்கடையில் காரட் பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். உரைத்த தடம் போகாது.

சுண்டிப் பார்க்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்ல வெள்ளி நீளமாக ஒலிக்கும், உண்மைதான். ஆனால் உள்ளே மயிரிழை விரிசல் விட்ட அசல் காசும் கட்டையாகத்தான் ஒலிக்கும். கல்லில் போட்டுச் சுண்டினால் விளிம்பும் நசுங்கும். வேண்டாம்.

ஐந்தாம் படி: லென்ஸில் எதைப் பார்ப்பது

அக்கசாலைக் காசு எஃகு அச்சுக்கு நடுவே வைத்து ஓங்கி அடித்தது. போலியில் பெரும்பாலானவை அசலிலிருந்து வார்ப்பு எடுத்து உருக்கி ஊற்றியவை. வார்த்த காசின் சமதளத்தில் ஊசி முனைபோன்ற குழிகள் இருக்கும், காற்றுக் குமிழி விட்ட தடம். எழுத்துகளின் ஓரம் வெட்டினாற்போல் இருக்காமல் உருண்டு, சோப்பில் செதுக்கியது மாதிரி இருக்கும். விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய அடையாளம் இருக்கும். ரம்பப் பல் வரிகள் சில இடத்தில் நெருக்கமாகவும் சில இடத்தில் அகலமாகவும் இருக்கும்.

ஆண்டு எண்ணைத் திருத்தும் மோசடி தனி ரகம். காசு அசல், வெள்ளி அசல், எடை அசல், தராசும் தண்ணீரும் எதுவும் சொல்லாது. இங்கே வடிவம் தெரிந்தவர்தான் தப்பிப்பார்.

1911 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் தொங்கும் மாலைப் பதக்கத்தில் பொடியாக ஒரு யானை. தும்பிக்கை குட்டையாகச் செதுக்கியதால் பார்க்கப் பன்றிபோல இருந்தது. எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் அந்த ரூபாய்களைத் திரும்பப் பெற்று உருக்கிவிட்டது. 1912 முதல் தும்பிக்கையும் காதும் தெளிவாகத் தெரியும் யானை. ‘பன்றி ரூபாய்’ என்ற பெயரில் 1911க்கு எப்போதும் கிராக்கி உண்டு. 1917 ரூபாயில் ஏழின் தலையைச் சுரண்டினால் ஒன்றாகிவிடும் அல்லவா? ஆகவே 1911 என்று யார் காட்டினாலும் ஆண்டுப் பக்கத்தைப் பார்க்காமல் முதலில் காசைத் திருப்பி யானையைப் பாருங்கள். தும்பிக்கை அழகாக நீண்டு தொங்கினால் அது 1911 அல்ல.

1939 ரூபாயும் இப்படித்தான். மிக அரிது, அதனால் 1938ன் எட்டை ஒன்பதாக மாற்றுவார்கள். எட்டின் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தை எடுத்துவிட்டால் போதும். லென்ஸில் அந்த எண்ணைச் சுற்றி உள்ள தளம் மட்டும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக, சற்றுப் பள்ளமாக இருந்தால் சுரண்டியது. விளிம்பையும் பாருங்கள். 1940 முதல் வந்த ரூபாய்களில் பெரும்பாலும் ரம்பப் பல் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ளம் ஓடும், கள்ளக்காசைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. அந்தப் பள்ளத்தோடு 1939 என்று வந்தால் எழுந்து நடக்கலாம். எல்லாம் சரியாகவே இருந்தாலும் 1939ஐத் தெரிந்த ஏல நிறுவனம் பார்க்காமல் பெரிய பணம் கொடுக்காதீர்கள்.

சோழர் செம்புக் காசு சமவெளியிலிருந்து மலைக்கு நிறைய வருகிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. இதே வடிவத்தைப் பார்த்து இலங்கை அரசர்களும் காசு அடித்தார்கள். அதில் பராக்கிரமபாகு, விஜயபாகு என்று பெயர் இருக்கும். தாயகம் திரும்பிய குடும்பம் ஒன்றிடமிருந்து இப்படி ஒரு காசு வந்தால் ராஜராஜன் என்று அவசரப்படாமல் எழுத்தைப் படிக்க முயலுங்கள். நாகரி எழுத்து ஏழெட்டுத்தான் கற்க வேண்டியிருக்கும். போலிச் சோழக் காசு பச்சைப் பெயின்ட் பூசினாற்போல் ஒரே சீராக இருக்கும். உண்மையான களிம்பு உள்ளிருந்து வளர்ந்தது, பழுப்பு, கரும்பச்சை, செம்மை என்று திட்டுத் திட்டாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் வராது. அதே ஒரே உருவம், அதே இடத்தில் ஒரே கீறலோடு, ஒரு வியாபாரியிடம் நாலைந்து இருந்தால் அவை ஒரே வார்ப்பில் பிறந்தவை.

ஆறாம் படி: கதை சொல்லி விற்கும் காசுகள்

ராமர் பட்டாபிஷேகம், அனுமன், லட்சுமி படத்தோடு ‘கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, அரையணா’ என்று பொறித்த காசு ஊட்டி நடைபாதைக் கடைகளிலேயே கிடைக்கும். கம்பெனி அப்படி ஒன்றை அடித்ததே கிடையாது. அணாவுக்கான பொது நாணயமே 1835 சட்டத்துக்குப் பின்தான் வந்தது. 1616, 1717 என்றெல்லாம் ஆண்டு போட்டும் வரும். இவை சுற்றுலாக் கடைச் சாமான். அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது, வெளிநாட்டில் கோடிக்கு வாங்குகிறார்கள் என்று இதே காசை வைத்துச் சொல்லும் ரைஸ் புல்லிங் கும்பலிடம் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர் வீட்டையும் நிலத்தையும் இழந்து, வழக்குகள் நடக்கின்றன. எந்தக் காசும் அரிசியை இழுக்காது.

வைஷ்ணவதேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வரும் விளம்பரம் இன்னொன்று. அந்தக் காசு 2012ல் வெளியானது, தாராளமாகப் புழங்கியது. ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று உங்களிடமிருந்து முன்பணம் கறப்பதுதான் அவர்கள் தொழில். ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லியும் கேட்பார்கள். பழைய காசு, நோட்டு வாங்கி விற்பதில் தனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது.

தாமரை போட்ட இருபது காசில் தங்கம் இருக்கிறது என்பதும் இந்த ரகம். 1968 முதல் 1971 வரை அடித்தது, மஞ்சளாக இருப்பது பித்தளை வகை உலோகம். நம் ஊருக்கென்றே ஒரு கதையும் உண்டு, தேவாலாத் தங்கத்தில் அடித்த சவரன். 1880ஐ ஒட்டி தேவாலா, பந்தலூரில் தங்க வேட்டை நடந்ததும் கம்பெனிகள் வந்து திவாலானதும் உண்மை. ஆனால் அங்கே காசு அடிக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் சவரன் அடித்தது பம்பாயில், 1918ல் மட்டும்.

ஏழாம் படி: என்ன விலை பெறும்

வெள்ளிக் காசுக்கு அடிமட்ட விலையை நீங்களே கணக்குப் போடலாம். பழைய ரூபாயில் சுத்த வெள்ளி 10.69 கிராம், 1940க்குப் பிந்தையதில் 5.83 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்கள். அடகுக் கடையில் இதற்கும் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள். சாதாரண ஆண்டு, தேய்ந்த நிலை என்றால் சேகரிப்பாளர் விலையும் இதற்கு ரொம்ப மேலே போகாது.

அதற்கு மேலே ஏற்றுவது அரிதும் நிலையும். வயது இல்லை. இரண்டாயிரம் வருடத்துக் காசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், நூறு வருடத்துக் காசு லட்சத்தைத் தாண்டும். வியாபாரிகள் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், அன்சர்குலேட்டட் என்று நிலையைப் பிரிப்பார்கள். உங்களுக்கு ஓர் எளிய அளவு: அரசர் முகத்தில் முதலில் தேய்வது மேடான இடங்கள்தான், புருவம், காதுக்கு மேல் முடி, கிரீடத்தின் முத்து. அவை தெளிவாக இருந்தால் மேல்நிலை. முடி மொத்தமாக ஒரு திட்டாகிவிட்டால் நடுநிலை. உருவரை மட்டும் மிச்சம் என்றால் வெள்ளி விலைதான்.

மலையில் கிடைக்கும் ரூபாய்களுக்கு ஒரு பெருங்குறை, காது வைத்தது. மாலையில் கோக்கப் பற்றவைத்த வளையத்தைப் பிற்பாடு வெட்டி ராவியிருப்பார்கள். உச்சியில், அரசர் தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்கள். ரம்பப் பல் இரண்டு மூன்று இல்லாமல் வழவழவென்று இருந்தால், நிறம் கொஞ்சம் மாறியிருந்தால், அது காதுத் தடம். அசல்தான், ஆனால் விலையில் பெரும்பங்கு போய்விடும். காசு மாற்றும் சராப்புக் கடைக்காரர் அந்தக் காலத்தில் சோதித்த வெட்டுக்குறியும் அப்படியே.

விலையை அதைவிட வேகமாகக் கெடுப்பது புளி. விற்கக் கொண்டுவரும் முன் புளி, சாம்பல், விபூதி என்று தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். லென்ஸில் ஆயிரம் மெல்லிய கீறல் தெரியும். வெள்ளியின் கருப்பும் செம்பின் பழுப்பும் அழுக்கல்ல, காசு தானே போட்டுக்கொண்ட தோல். கழுவியே ஆக வேண்டும் என்றால் வடிகட்டிய நீரில் ஊறவைத்துத் துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

சரியான சந்தை விலை தெரிய, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஆன்லைன் தளத்தில் யார் வேண்டுமானாலும் பத்து லட்சம் என்று போடலாம். மும்பையின் டோடிவாலா, ஓஸ்வால், பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்கள் முடிந்த ஏலங்களின் விலையை இணையத்தில் வைத்திருக்கின்றன. அதே ஆண்டு, அதே அக்கசாலை, அதே நிலை, மூன்றும் பொருந்துவதோடு ஒப்பிடுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயக் காட்சிக்கூடத்தை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள், கண் பழகும்.

எட்டாம் படி: சட்டம்

மண்ணில் புதைந்து கிடைத்தது உங்கள் சொத்தல்ல. 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடம் அல்லது தாசில்தாரிடம் போனால் வழி சொல்வார்கள். மலை முகடுகளில் இருக்கும் கல்வட்டங்களைக் காசுக்காகத் தோண்டுவது குற்றம், தொல்லியலுக்கும் இழப்பு. 1972 தொல்பொருள் சட்டத்தின்படி நூறு வயதான காசு தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது, அதை வியாபாரமாகச் செய்யத் தொல்லியல் துறை உரிமம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஆசைப்பட்டுக் கேட்டாலும் விக்டோரியா ரூபாயைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: ஈரத்திலிருந்து காப்பது

சென்னைக்காரருக்கு இது ஒரு வரி, நமக்குப் பெரிய வேலை. ஜூனில் கூடலூர், தேவாலாவில் தென்மேற்கு தொடங்கினால், அது ஓய்வதற்குள் குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு பிடித்துக்கொள்ளும். செம்புக் காசில் வெளிர்பச்சைப் பொடிபோல் புள்ளி வந்து, தட்டினால் உதிர்ந்தால், அது களிம்பு அல்ல, நோய். ஈரத்தில் பரவும், காசைத் தின்றுவிடும். அந்தக் காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். வடிகட்டிய நீரை அடிக்கடி மாற்றிப் பல நாள் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, தனியே வைத்துக் கவனியுங்கள்.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். வெயில் காணும் நாளில் ஜெல்லை எடுத்துச் சூடுபடுத்தி மறுபடி போட வேண்டும், ஈரம் குடித்த ஜெல் இருந்தும் பயனில்லை. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளி மேல் கருங்கோடு போட்டுவிடும். மலிவான வழவழப்புப் பிளாஸ்டிக் ஆல்பம் நாளாக நாளாகப் பிசுபிசுத்துக் காசைப் பச்சையாக்கும், பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். அந்துருண்டை, நீலகிரித் தைலம் எதையும் அந்த அலமாரியில் வைக்க வேண்டாம்.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு காகித உறை. அதில் எடை, விட்டம், எங்கே, யாரிடமிருந்து வந்தது, கொடுத்த விலை, கண்ட குறை எல்லாம் எழுதுங்கள்: ‘1862, 11.58, காதுத் தடம் உச்சியில், கோத்தகிரி, பாட்டி வீட்டுப் பெட்டி’ என்பதுபோல. உறையில் போடும் முன்பே எழுதிவிடுங்கள், உள்ளே காசு இருக்கும்போது எழுதினால் அழுத்தம் பதியும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நம் ஊர் ஈரத்தில் ஊறி மறுபக்கம் வந்துவிடும்.